வெள்ளை லாவெண்டர்: எந்த ரகம் இடத்துக்கு ஏற்றது, எது ஏமாற்றும்

வெள்ளைப் பூ லாவெண்டரை வாங்கி நடுபவர்களில் பலர், ஊதா லாவெண்டரில் நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஊதாச் செடியில் இதழுக்கு மட்டுமல்ல, இதழைத் தாங்கும் புல்லிவட்டத்துக்கும் ஊதா நிறம் உண்டு. மொட்டு விரியும் முன்பே கதிர் நிறம் காட்டும். இதழ் வாடிய பிறகும் பல நாள் ஊதாவாகவே நிற்கும். வெள்ளை ரகங்களில் ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் நிறமி உருவாவதில்லை. அதனால் புல்லிவட்டம் சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். இதழ் விரிந்திருக்கும் நாட்களில் மட்டுமே வெண்மை தெரியும். வாடிய இதழ் பழுப்பாகிக் கதிரிலேயே ஒட்டிக்கொண்டால், புதிதாக விரியும் பூவின் வெண்மையையும் அது கெடுத்துவிடும்.

ஆகவே இந்தச் செடியை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். வெண்மை எத்தனை நாள் நிற்கிறது? செடி உருண்டையாக நிற்கிறதா, நடுவில் பிளந்து சாய்கிறதா? மழையும் ஈரமும் வந்தால் என்ன ஆகிறது? மணத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்; நிறம் போனதால் மணம் போவதில்லை. மணத்தை முடிவு செய்வது இனமும் ரகமும்தான்.

நர்சரிகளில் ‘வெள்ளை லாவெண்டர்’ என்ற ஒரே சீட்டின் கீழ் மூன்று வேறு இனங்கள் விற்பனைக்கு வருகின்றன. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா, அதாவது ஆங்கில லாவெண்டர். அதன் கலப்பினமான லாவண்டுலா இன்டர்மீடியா, வழக்கில் லாவண்டின். கதிரின் உச்சியில் முயல்காது போலச் செதில்கள் நீட்டி நிற்கும் லாவண்டுலா ஸ்டோக்கஸ். மூன்றுக்கும் தேவையான மண், குளிர் தாங்கும் அளவு, கவாத்து (கிளை நறுக்கும்) முறை எல்லாம் மாறும். சீட்டில் இனத்தின் பெயர் இல்லாத செடியை வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் ‘நானா ஆல்பா’. அங்குஸ்டிஃபோலியாவின் குட்டை ரகம். 30 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய அதே அகலம். இலை வெள்ளிச் சாம்பல் நிறம், கதிர் குட்டை, செடி இறுக்கமான உருண்டை. தொட்டிக்கும் பாதையோரத்துக்கும் இதை மிஞ்சிய வெள்ளை ரகம் இல்லை. கதிர்கள் இலைக்கு மேலே அதிகம் நீளாததால் காற்றிலும் மழையிலும் சாய்வதில்லை. குறை என்று சொன்னால் இது மெதுவாக வளரும். நட்ட முதல் ஆண்டில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். அந்த அவசரத்தில் உரம் போட்டால் தண்டு நீண்டு, இந்த ரகத்தின் ஒரே பெருமையான உருவமே கெட்டுப்போகும்.

‘ஆர்க்டிக் ஸ்னோ’ அதைவிட உயரம். 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை போகும். பளிச்சென்ற தூய வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தாலும் வெள்ளை என்று தெரிய வேண்டும் என்றால் அங்குஸ்டிஃபோலியாவில் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கதிர்க்காம்பு நீளம். பூத்திருக்கும்போது கனமழை பெய்தால் வெளிவட்டக் காம்புகள் மண்ணைத் தொடும். மண் தெறித்த வெள்ளைப் பூவைக் கழுவிச் சரிசெய்ய வழியில்லை. செடியைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குச் சரளைக்கல் பரப்பினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ‘ஆல்பா’ என்று மட்டும் எழுதியிருக்கும் செடியை வாங்கும்போது கவனம் வேண்டும். அங்குஸ்டிஃபோலியாவிலும் ‘ஆல்பா’ உண்டு, லாவண்டினிலும் ‘ஆல்பா’ உண்டு. பின்னது முன்னதைவிட மிகப் பெரிதாக வளரும். ஓர் அடி இடைவெளியில் நட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் ஒன்றையொன்று நெருக்கி, காற்றில்லாமல் உள்பக்கம் அழுகத் தொடங்கும்.

லாவண்டினில் வாங்கத் தகுந்தது ‘எடல்வைஸ்’. அந்த இனத்துக்கு இது அடக்கமான செடி. பூவோடு சேர்த்து 60 முதல் 75 சென்டிமீட்டர். அங்குஸ்டிஃபோலியா பூத்து ஓயும் நேரத்தில் இது விரியத் தொடங்கும் என்பதால், இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைப் பூ சில வாரம் கூடுதலாகக் கிடைக்கும். புழுக்கத்தையும் அங்குஸ்டிஃபோலியாவைவிடக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். மணத்தில் கற்பூர வாடை தூக்கலாக இருக்கும். அலமாரியில் வைக்கும் பொட்டலத்துக்கு அது பொருத்தம்தான், சமையலுக்கு உதவாது. லாவண்டின் மலட்டுக் கலப்பினம். முளைக்கும் விதை தராது. ஆகவே ‘எடல்வைஸ் விதை’ என்று யார் விற்றாலும் அது பொய்.

ஸ்டோக்கஸ் வகையின் ‘ஸ்னோமேன்’ தனிக் கதை. இதில் கண்ணைக் கவர்வது பூவே அல்ல. கதிரின் உச்சியில் நிற்கும் வெள்ளைக் காதுகள் பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் கதிரின் பக்கங்களில் வரிசையாக இருக்கும் மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். செதில் இதழைப்போல விரைவில் வாடாததால் வெண்மை வாரக்கணக்கில் நிற்கிறது. நீண்ட நாள் வெண்மை என்ற முதல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ‘ஸ்னோமேன்’தான் முதலிடம். வசந்தத்தின் இறுதியிலேயே பூக்கும். வாடிய கதிரை நறுக்கினால் மறுபடியும் பூக்கும். மிதமான வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மற்ற இரண்டையும்விட இணக்கமானது. விலை கொடுக்க வேண்டிய இடம் வேறு. கடுங்குளிரை இது தாங்காது; வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து பாகையைத் தாண்டி இறங்கினால் ஆபத்து. அங்குஸ்டிஃபோலியாவோ நல்ல வடிகால் இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து வரை தாங்கும். ஸ்டோக்கஸின் ஆயுளும் குறைவு. ஐந்தாம் ஆண்டுக்கு மேல் அழகாக இருப்பது அபூர்வம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகும். மற்ற லாவெண்டருக்குச் சுண்ணாம்பு போடும் பழக்கத்தில் இதற்கும் போட்டுவிடக் கூடாது.

விதைப் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை நிறம் மரபில் ஒடுங்கு பண்பாக, அதாவது ஊதாவோடு கலந்தால் மறைந்துபோகும் பண்பாக இருப்பதால், அருகில் ஊதாச் செடி இருந்தால் வெள்ளைச் செடியின் விதையிலிருந்தும் ஊதா நாற்று வரும். விதையிலிருந்தே ஒரே மாதிரி வருவதற்காக உருவாக்கப்பட்ட ‘எலகன்ஸ் ஸ்னோ’ போன்ற வரிசைகள் பரவாயில்லை. அவற்றிலும் நாற்றுகளுக்குள் உயரமும் பூக்கும் நாளும் சற்று மாறும். வேலி போல வரிசையாக நட விரும்புபவர்கள் தண்டுக் குச்சியிலிருந்து வளர்த்த செடியையே வாங்க வேண்டும். வரிசையின் நடுவில் ஒரு செடி மட்டும் ஊதாவாகப் பூத்தால் மொத்த வேலையும் வீண். வளர்ந்த வெள்ளைச் செடியில் திடீரென ஊதாக் கிளை தெரிந்தால், செடி ‘மாறிவிட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அடியில் விழுந்த விதை முளைத்து உள்ளேயிருந்து எழுந்திருக்கும். சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். விட்டால் அதுதான் வெல்லும்.

கடையில் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்ப்பதைவிடத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது பயன் தரும். வேர் வெளிர்நிறமாக, தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தால் வேரழுகல் தொடங்கிவிட்டது, வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். மண் சொதசொதவென்று நனைந்திருந்தால் அந்த இடத்தில் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பொருள். அடித்தண்டில் இலை கருத்திருந்தாலும் எச்சரிக்கை. பூத்துக் குலுங்கும் செடியைவிட, அடியிலிருந்தே நாலைந்து கிளை விட்ட, பூக்காத செடி நல்ல முதலீடு. இன்னொன்று: பெரிய அளவில் உற்பத்தியாகும் செடிகளில் நாற்றுக் கட்டியைச் சுற்றி மெல்லிய வலை ஒன்று இருக்கும். அதை அப்படியே நட்டால் தண்டு பருக்கும்போது வலை இறுக்கும். வேரும் தாராளமாக வெளியே பரவாது. வேர்க்கட்டியின் நடுவில் விரல் விட்டு அந்த வலையைத் தேடி, கத்தரியால் வெட்டி எடுத்த பிறகே நட வேண்டும்.

நடும் இடத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் பூ குறையும், தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும், செடி நடுவில் பிளக்கும். வெள்ளைக்கென்று கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: பின்னணி இருண்டிருக்க வேண்டும். வெள்ளைச் சுவரின் முன்னால் நட்டால் பூ இருக்கும் இடமே தெரியாது. கரும்பச்சை வேலியின் முன்னாலோ, ரோஸ்மேரி வரிசையின் முன்னாலோ வைத்தால் மாலை மங்கிய பிறகும் கதிர்கள் தனியாகத் தெரியும். இந்தச் சேர்க்கை பழையது. 1649இல் இங்கிலாந்தின் விம்பிள்டன் அரச மாளிகைத் தோட்டத்தைக் கணக்கெடுத்தபோது ரோஸ்மேரி, அருவதா ஆகியவற்றோடு வெள்ளை லாவெண்டரும் நிறைந்த பெரிய ஓரப்பாத்திகள் பதிவாகியுள்ளன.

வடிகாலைச் சோதிக்காமல் நடுவதுதான் இந்தச் செடி சாவதற்கு முதல் காரணம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக் கூடாது. 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி போட வேண்டும். களிமண்ணில் குழி மட்டும் தோண்டி அதை லேசான கலவையால் நிரப்புவது பலர் செய்யும் தவறு. சுற்றிலும் களிமண் இருக்க, அந்தக் குழி கிணறாகிவிடும். பெய்த மழையெல்லாம் வேருக்கு அடியில் தேங்கும். களிமண்ணில் நைஸ் மணல் கலப்பதும் வேண்டாம், காய்ந்தால் செங்கல் போல இறுகும். இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள பொடிச் சரளையை, மொத்தப் பாத்தி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலக்க வேண்டும்.

அங்குஸ்டிஃபோலியாவுக்கும் லாவண்டினுக்கும் மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 6.5 முதல் 8 வரை பொருந்தும். 6க்குக் கீழே இருந்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம் தோட்டச் சுண்ணாம்பு கலந்து, சில மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த தவணையை முடிவு செய்யலாம். ஒரேயடியாகக் கொட்டினால் திரும்ப எடுக்க முடியாது.

தொழுவுரமோ மண்புழு உரமோ நடும் குழியில் போட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் மென்மையான தண்டு நிறைய வரும், பூ குறையும், முதல் பெருமழையில் செடி விரிந்து படுத்துவிடும். நடும்போது வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். மூடாக்காகச் சருகும் மரச்சிராயும் கூடவே கூடாது. ஈரத்தைத் தண்டோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். சரளைக்கல்தான் சரி. இடைவெளி ‘நானா ஆல்பா’வுக்கு 30, ‘ஆர்க்டிக் ஸ்னோ’வுக்கும் ‘ஸ்னோமேன்’னுக்கும் 45, லாவண்டினுக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் பெரிய தொட்டியில் தொடங்கக் கூடாது. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை வரவழைக்கும். வேர்க்கட்டியைவிட ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே அகலமான மண்தொட்டி முதலில் போதும். பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படி பெரிதாக மாற்றி, 30 சென்டிமீட்டர் விட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கலவை: தொட்டி மண் இரண்டு பங்கு, பொடிச் சரளை ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு. தென்னைநார்த் தூளைத் தனியாகவோ பாதிக்கு மேலோ பயன்படுத்தினால் ஈரம் வடியாது. அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடக் கூடாது. உரமாக, வசந்தத்தில் ஒரே ஒருமுறை, தழைச்சத்து குறைந்த திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவுக்குக் கரைத்து ஊற்றினால் ஆண்டுக்குப் போதும். தரையில் நட்டதற்கு அதுவும் தேவையில்லை.

தண்ணீர் விஷயத்தில் முதல் ஆண்டுக்கும் பிறகான ஆண்டுகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. புதிதாக நட்ட செடியின் வேர் இன்னும் சிறு கட்டிக்குள்தான் இருக்கிறது. முதல் சில வாரம் மேல்மண் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் காய்ந்ததும் ஆழமாக நனைக்க வேண்டும். ‘லாவெண்டர் வறட்சிச் செடிதானே’ என்று முதல் கோடையில் கைவிடப்பட்டுச் சாகும் செடிகளும் குறைவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து தரையில் உள்ள செடிக்கு நீண்ட வறட்சியில் மட்டும் கொடுத்தால் போதும். ஊற்றும்போது தண்ணீர் அடியில் விழ வேண்டும், அதுவும் காலையில். ஊதாப் பூவில் தெரியாத நீர்க்கறை வெள்ளைப் பூவில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். இரவெல்லாம் நனைந்த கதிரில் சாம்பல் பூஞ்சணமும் பிடிக்கும். தெளிப்பான் இருக்கும் பாத்தியில் இதை நடவே வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் என்றால் கவலையில்லை.

கவாத்துதான் வெள்ளை ரகத்தின் அழகைத் தீர்மானிக்கிறது. ஊதாவில் பூ முழுக்கக் காயும் வரை காத்திருக்கலாம். வெள்ளையில் கதிரின் பாதிப் பூ பழுப்பானதுமே வெட்டிவிடுவது நல்லது. செடி மறுநாளே சுத்தமாகத் தெரியும், அங்குஸ்டிஃபோலியாவில் லேசான இரண்டாம் பூப்புக்கும் வாய்ப்பு கூடும். முழுக் கவாத்தின்போது பூக்காம்போடு இலைப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து நறுக்கி, குடை போல உருண்டையாக்க வேண்டும். வெட்டும் இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது பச்சைத் தளிர் இருந்தே தீர வேண்டும். இலையில்லாத பழைய கட்டைத் தண்டில் வெட்டினால் அது பெரும்பாலும் துளிர்க்காது; அந்தக் கிளை அப்படியே காய்ந்துபோகும். கவாத்தை இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் பச்சைப் பகுதி நுனிக்கு ஏறிவிடும், அடி மொட்டையாகும், பிறகு எவ்வளவு திறமையாக வெட்டினாலும் திரும்பாது. உறைபனி வரும் இடங்களில் கடைசி வெட்டு பனிக்கு ஆறு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதுத் தளிர் கருகும். ஸ்டோக்கஸில் கை இன்னும் மெதுவாக இருக்கட்டும். முதல் பூப்பு முடிந்ததும் கதிரை அதன் காம்போடு எடுத்து, மேலே லேசாக உருட்டினால் போதும். நட்ட முதல் ஆண்டில் எந்த ரகமானாலும் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது வலிக்கும்தான். ஆனால் அந்த ஓராண்டுப் பூவை விட்டுக்கொடுத்த செடிதான் அடியிலிருந்து அடர்ந்து வருகிறது.

நோய்களில் அஞ்ச வேண்டியது ஒன்றே: பைட்டோப்தோரா என்னும் வேரழுகல். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். முதலில் ஒரு பக்கக் கிளை மட்டும் சாம்பல் பூத்துத் தொங்கும். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவது எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பது போல. தொற்றிய செடிக்கு மருந்தில்லை. வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்தக் குழியில் மறுபடி லாவெண்டர் வைக்காமல் இருக்க வேண்டும். அடியிலைகளில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை உதிர்ந்தால் செப்டோரியா இலைப்புள்ளி; நெருக்கமும் ஈரமும் குறைந்தால் தானே அடங்கும். இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் வந்து தளிர் முறுக்கினால் வைரஸாக இருக்கலாம். அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கடத்தும், வெட்டும் கத்தரியும் கடத்தும். அந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது, செடியையே பிடுங்கி எரித்துவிடலாம்.

நல்ல வெள்ளைச் செடி ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்ததை வாங்கத் தேவையில்லை. பூக்காத, பாதி முற்றிய தண்டில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடிப்பாதி இலையை உருவிவிட வேண்டும். பெர்லைட்டும் தென்னைநார்த் தூளும் சரிபாதியாகக் கலந்த கலவையை நனைத்துப் பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக்கி, அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் செருக வேண்டும். வேர்விடும் தூள் விருப்பம்தான், இல்லாமலும் பிடிக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி போட்டால் தினமும் சில நிமிடம் திறந்து காற்றுக் காட்ட வேண்டும், சாம்பல் நிற ரோம இலையில் நீர்த்துளி தங்கினால் அழுகிவிடும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மூன்று முதல் ஐந்து வாரத்தில் வேர் வரும். மெதுவாக இழுத்தால் எதிர்ப்பு தெரியும். பத்துக் குச்சி வைத்தால் ஆறு ஏழு பிடிக்கும் என்று கணக்கு வைத்துத் தேவைக்கு மேல் செருகலாம். லாவெண்டர் செடியின் நல்ல காலம் எட்டுப் பத்து ஆண்டுதான். கட்டை முற்றி நடு பிளக்கும் முன்பே இளஞ்செடி தயாராக இருக்கும்.

உலர்த்திப் பூச்செண்டு கட்டுவதற்காக மட்டும் வெள்ளை லாவெண்டரைத் தேடுபவர்களுக்கு இது வேண்டாம். இதழ் காய்ந்ததும் வெண்மை மறைந்து, புல்லிவட்டத்தின் பச்சைச் சாம்பல்தான் மிஞ்சும். சில மாதத்தில் வைக்கோல் நிறமாகும். மணப் பொட்டலத்துக்கு மட்டும் என்றால் குறையில்லை. கதிரில் இரண்டு மூன்று பூ விரிந்ததும், பனி உலர்ந்த காலையில் வெட்டி, ஒரு கைப்பிடி அளவு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உதிர்க்கலாம். கயிற்றால் கட்டினால் காய்ந்து சுருங்கும் காம்புகள் நழுவி விழும். சமையலுக்கு அங்குஸ்டிஃபோலியா ரகங்கள் மட்டுமே, அதுவும் பூச்சிமருந்து படாதவை. கடையிலிருந்து வந்த செடி என்றால் முதல் பூப்பை விட்டுவிட்டு, தோட்டத்தில் வளர்ந்த புதுக் கதிர்களிலிருந்து எடுக்கலாம்.